பூட்டக்கா போட்ட தாழ்ப்பாள்

அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்கிறவர்கள் அந்த மாடியில் இன்றைக்கும் உண்டு. சொல்லட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் திமிரை மட்டும் சொல்லிவிட்டு, நடந்ததைச் சொல்லாமல் விடுவது எந்த ஊர் நியாயம்? அவளுக்கு அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் வரும். மற்றபடி முதலாளியிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் பூட்டக்கா.

நாலு அக்காக்களுக்குப் பிறகு பிறந்தவள் அவள். சட்டை, செருப்பு, புத்தகப் பை எல்லாம் நாலு பேர் தேய்த்துத் தீர்த்த பிறகுதான் அவளுக்கு வரும். தனக்கென்று ஒரு சீப்புகூட இருந்ததில்லை. தலையணைக்கு அடியில் மிட்டாய் வைத்தால் காலையில் காகிதம்தான் மிஞ்சும். அழுதால் அம்மா சொல்வாள், ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் என்னடி உன்னுது என்னுது என்று. முதல் சம்பளம் வந்த அன்று அம்மாவுக்கு ஒரு போர்வையும் தனக்கு ஒரு நல்ல பூட்டும் வாங்கினாள். பூட்டுவதற்கு அவளிடம் அப்போது ஒரு பெட்டிகூட இல்லை. அதை அடுத்த மாதம் வாங்கிக்கொண்டாள்.

வேலை பார்த்த இடம் ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடி. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன கண்டோம், என்ன மருந்து கொடுத்தோம் என்று பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இங்கே அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். ஹாலில் வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் தையல் மெஷினுக்கு இருப்பதுபோல ஒரு கால்மிதி. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடுவார். "வீட்டுல இப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்" என்பது அந்த ஹாலில் எல்லாரும் ஒருமுறையாவது சொல்லிச் சிரித்த பேச்சு.

பூட்டக்காவும் அங்கே மிதித்துத் தட்டியவள்தான். சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட, அந்த இடத்தைத் தனக்குத் தரும்படி இவள் கேட்டாள். கம்ப்யூட்டர் மேல் காதல் என்றெல்லாம் இல்லை. சர்வர் வைத்திருந்த அறைக்குக் கதவு இருந்தது, அதுதான் காரணம். அது முன்னொரு காலத்தில் குளியலறையாக இருந்த அறை. சுவரில் பாதி உயரத்துக்கு ஓடு, குழாய் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அதற்குள் உட்கார்ந்து விழுந்து விழுந்து படித்து வேலையைக் கற்றுக்கொண்டாள்.

டாக்டர்களின் பதிவுகள் எல்லாம் அந்தக் குளியலறையில் இருந்த லினக்ஸ் சர்வருக்குத்தான் வந்து சேரும். சூப்பர்வைசர் அவற்றைப் பிரித்து ஒவ்வொருத்தியின் ஃபோல்டரிலும் போடுவார். அவளவள் தன் பாஸ்வேர்டைக் கொடுத்து நுழைந்து, பதிவை இறக்கிக்கொண்டு, தட்டச்சு செய்ததை அங்கேயே திருப்பி வைப்பாள். பாஸ்வேர்டெல்லாம் பேருக்குத்தான். தன் ஃபோல்டரிலிருந்து ஒரு படி மேலே ஏறினால் மற்ற எல்லாருடையதும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்து மேஜைக்காரி ஏறிப் போய் இரண்டு பதிவை எடுத்து முடித்துக் கொடுப்பாள். அது நல்ல பழக்கம். வேலை இல்லாத நேரத்தில், யாருக்கு என்ன வியாதி என்று கேட்டுப் பார்க்கவும் அதே வழிதான். ஜன்னலோரத்து மேஜைக்காரி இதில் கைதேர்ந்தவள். அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

இதைச் சரி செய்ய வேண்டும் என்று பூட்டக்கா முன்பே ஒருமுறை முதலாளியிடம் போய் நின்றிருக்கிறாள். முதலாளிக்கு ஒரு மந்திரம் உண்டு: நாமெல்லாம் ஒரே குடும்பம். லீவு கேட்டாலும் குடும்பம், ஏ.சி. ஓடவில்லை என்றாலும் குடும்பம்.

"ஒரே குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா பூட்டு?" என்றார்.

"குடும்பத்துலயும் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்கு சார்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஹாலுக்கு வந்து எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். காரியம் ஒன்றும் நடக்கவில்லை, பட்டப்பெயர் மட்டும் கிடைத்தது.

அந்த ஹாலுக்கு டீ போட்டுக் கொடுப்பவர் ஒரு அம்மா. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு அடுப்பு, ஒரு சிங்க், ஒரு ஸ்டூல். அதுதான் அவருடைய ராஜ்யம். யாருக்குச் சர்க்கரை கூடாது, யாருக்கு ஆறிப்போனால்தான் இறங்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கண்ணாடி கிளாஸ்களில் ஊற்றித் தட்டில் எடுத்து வருவார், பிறகு அவரே கழுவிக் கவிழ்ப்பார். உடம்புக்கு முடியாமல் போய் அவர் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த ஆஸ்பத்திரி டாக்டரின் பதிவுகள் இந்த மாடிக்குத்தான் வருகின்றன என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

என்ன நோய் என்று கேட்கிறீர்களா? சொல்வதாக இல்லை. அதைச் சொல்லவா இத்தனை பாடு?

ஒரு திங்கட்கிழமை காலை அவர் தட்டோடு ஹாலுக்குள் வந்தார். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு புதுக் கோப்பை. பூப்போட்டது ஒன்று, கரடி படம் போட்டது ஒன்று, கைப்பிடி உடைந்தது ஒன்று. எல்லாருக்கும் ஒரே நாளில் சொந்தக் கோப்பை மேல் ஆசை வந்துவிட்டது. இதிலேயே ஊற்றிவிடுங்கள் என்று முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்கள். அவர் கிளாஸில் இருந்ததை ஒவ்வொன்றிலும் மாற்றி ஊற்றினார். ஒருத்தி கோப்பையை மேஜையில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். விரல் பட்டுவிடுமாம்.

ஊற்றி முடித்துவிட்டு அவர் நேரே குளியலறைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஆஸ்பத்திரியில டாக்டர் பேசினது இங்கதான் வந்துச்சா?"

பூட்டக்காவுக்கு முதலில் புரியவில்லை. கதவு வழியே ஹாலை எட்டிப் பார்த்தாள். கோப்பைகளைப் பார்த்தாள். ரேடியோ யாரிடமோ குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். புரிந்துவிட்டது.

"டாக்டர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்றார் டீக்காரம்மா. "என் வீட்டுக்காரர்கிட்டகூட இன்னும் வாயைத் திறக்கல."

மதியம் முதலாளி அவரைக் கூப்பிட்டு மிகவும் அன்பாகப் பேசினார். கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வாக இருங்கள், நன்றாகத் தேறிய பிறகு வாருங்கள், நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. டீக்காரம்மா தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. அடுப்பைத் துடைத்து, கிளாஸ்களைக் கவிழ்த்து, துண்டை ஆணியில் மாட்டிவிட்டுப் படியிறங்கினார். அந்த வேலைதான் அவர் வீட்டு அடுப்பையும் எரித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஹால் காலியான பிறகு பூட்டக்கா தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். யாரையும் கேட்கவில்லை. முன்பு கேட்டதற்கு என்ன கிடைத்தது? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று அவளுக்கே தெரியும். வாலையாவது பிடிப்போம் என்று ஆரம்பித்தாள்.

செய்தது இதுதான். சூப்பர்வைசரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரு குழுவாகச் சேர்த்தாள். இந்தக் குழுவிலிருந்து யார் வந்தாலும் கோப்பு எடுக்கலாம், கோப்பு வைக்கலாம், வேறு எதுவும் கூடாது என்று சர்வருக்கு எழுதினாள். அவர்களுக்கு உலகமே தங்கள் ஃபோல்டரோடு முடிந்தது. மேலே ஏறினாலும் அதே இடத்தில்தான் நிற்பார்கள். இந்த ஏற்பாட்டைக் கம்ப்யூட்டர்காரர்கள் சிறை என்பார்கள். அவளுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. சொந்தமாக ஒரு அறை கிடைப்பதைச் சிறை என்பவன், அறைகள் நிறைய உள்ள வீட்டில் பிறந்தவனாகத்தான் இருப்பான். ஒரு வெள்ளோட்டக் கணக்கைத் தொடங்கி நுழைந்து பார்த்தாள். மேலே ஏறினாள். ஏற முடியவில்லை. ஆனந்தமாக இருந்தது.

அங்கேதான் சறுக்கினாள். வெள்ளோட்டக் கணக்கில் அந்த அறையின், அதாவது ஃபோல்டரின், உரிமை சர்வரின் நிர்வாகி கணக்கின் பெயரில் இருந்தது. தன்னுடையது என்று ஒரு சீப்புகூட இல்லாமல் வளர்ந்தவளுக்கு அதைப் பார்த்து மனசு பொறுக்கவில்லை. அவளவள் அறை அவளவள் பெயரிலேயே இருக்கட்டும் என்று, ஹாலில் இருந்த ஒவ்வொருத்திக்கும் உரிமையை மாற்றி எழுதினாள். ரேடியோவுக்கும்தான். மறுபடி சோதிக்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

வீடு இரண்டே அறை. வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். மாமியாருக்குக் காது மந்தம், ஆனால் வம்பு மட்டும் எப்படியோ விழுந்துவிடும். டீக்காரம்மாவுக்கு என்ன வியாதியாம் என்று தட்டை வைப்பதற்குள் ஆரம்பித்தார். தெரியாது என்றாள் பூட்டக்கா. அது உண்மை, அவள் அந்தப் பதிவைக் கேட்கவில்லை. மாமியார் நம்பவில்லை.

"சாவி உன் கையில இருக்கு, நீ கேட்காமலா இருப்ப?"

"சாவி வச்சிருக்கறவ கேட்கக் கூடாது அத்தை. அந்த நம்பிக்கையிலதான் சாவியைக் கொடுத்திருக்காங்க."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சர்வருக்குப் பூட்டுப் போட்டதை அவள் சொன்னபோது, வீட்டுக்காரர் நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டியபடியே, முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்டார். நாளைக்குத் தெரியும் என்றாள். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்பார் என நினைத்துப் பதிலோடு தயாராக இருந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை. "போட்டது போட்டாச்சு, கழட்டிடாத" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஹாலில் ஒருத்தியாலும் உள்ளே நுழைய முடியவில்லை. பாஸ்வேர்டைக் கொடுத்த அடுத்த நொடியே சர்வர் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன். முதலாளி குளியலறை வாசலில் நின்று கத்தினார். அவருக்குப் பின்னால் ஹாலே திரண்டிருந்தது. பூட்டக்கா நம்மை வெளியே வைத்துப் பூட்டிவிட்டாள் என்று ரேடியோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"இப்பவே பழையபடி திறந்து விடு" என்றார் முதலாளி.

"தப்பு என்னோடதுதான் சார். சரி பண்றேன். திறக்க மாட்டேன்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். தப்புச் செய்துவிட்டு வீறாப்புப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கதவுக்கு வெளியே முணுமுணுப்பு அடங்கவே இல்லை. சர்வர் தன் குறிப்பில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தது: உரிமை தவறு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒருவரை ஓர் அறைக்குள் வைத்தால் அந்த அறையின் சுவர் அவர் கையில் இருக்கக் கூடாது. இருந்தால் இடித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடுவார். சர்வர் அதனால்தான் யாரையுமே நம்பாமல் விரட்டியிருக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கு அலமாரி சொந்தம், சுவர் வீட்டுச் சொந்தக்காரருடையது; அந்தக் கணக்குதான். சுவரை மறுபடி நிர்வாகி பெயருக்கே மாற்றினாள். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஓர் உள்ளறை கட்டி, அதை மட்டும் அவளவள் பெயருக்கு எழுதினாள். இந்த முறை ஒன்று விடாமல் சோதித்தாள்.

மதியத்துக்குள் கால்மிதிகள் ஓட ஆரம்பித்தன. பின்தங்கியவள் சூப்பர்வைசரிடம் சொன்னால் அவர் பதிவை இன்னொருத்திக்கு மாற்றி வைப்பார் என்றும் ஏற்பாடு செய்தாள். ரேடியோ பழக்க தோஷத்தில் மேலே ஏறிப் பார்த்தாள். தன் அறையே திரும்பத் திரும்ப வந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்தாள்.

அதற்கப்புறம்தான் முதலாளி வந்தார். இந்தத் தடவை கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, தன் கணக்கில் நுழைந்தாலும் ஒன்றும் தெரியவில்லையே என்றார். உங்களுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டிருக்கிறேன், தரம் பார்க்க வேண்டிய பதிவுகளைச் சூப்பர்வைசர் அதில் வைப்பார் என்றாள் அவள். அவர் முகம் சுருங்கியது. ஆனால் ஆள் வியாபாரி அல்லவா, உடனே குரலைத் தேனாக்கிக்கொண்டார்.

"சரி, ஒரு வழி சொல்றேன். நீ எதுக்கு இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறன்னு எனக்குப் புரியுது. அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கலாம். நீ அந்தப் பதிவோட கடைசிப் பகுதியை ஹால்ல எல்லாரும் கேக்கற மாதிரி போடு. இவங்களால அடுத்தவங்களுக்கு ஒண்ணும் ஒட்டாது, தாராளமா வேலைக்குப் போகலாம்னு டாக்டரே சொல்றாருல்ல. கேட்டா பயம் போயிடும். அவங்களும் வந்துடுவாங்க, நீயும் பூட்டை எடுத்துடலாம்."

ஒரு கணம் பூட்டக்கா தடுமாறித்தான் போனாள். விரல் ஒன்றை அசைத்தால் போதும். டீக்காரம்மாவின் துண்டு ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நல்லதுக்குத்தானே, ஒருமுறைதானே என்று மனசு இழுத்தது. ஆனால் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாத ஒன்றை, ஒட்டுமா ஒட்டாதா என்று ஒலிபெருக்கி வைத்து ஹாலுக்கே போட்டுக் காட்டுவதா? அதற்கு ரேடியோ செய்ததே மேல்.

"அவங்க வந்து போடச் சொன்னா போடுறேன்" என்றாள். "நீங்க சொன்னா மாட்டேன்."

சொல்லிவிட்டு நிறுத்தியவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஹாலில் பரவிய செய்தியில் அந்தக் கடைசிப் பகுதி இல்லை. இருந்திருந்தால் அத்தனை கோப்பைகள் முளைத்திருக்காது. ரேடியோ பாதி கேட்டதும் அலற ஆரம்பித்துவிட்டாள். டீக்காரம்மாவும் இவரிடம் எதையும் சொல்லவில்லை.

"டாக்டர் கடைசியில சொன்னது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"தரம் பார்க்க நான் எல்லாத்தையும்தான் கேட்பேன்."

"எப்ப கேட்டீங்க? அவங்களை வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முதலாளி குழாய் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹால் சமாதானமாக இருக்க வேண்டாமா, நாலு பேர் முகம் சுளித்தால் வேலை நடக்குமா என்று மென்று முழுங்கினார். பூட்டக்காவுக்குத் தலைக்கு மேல் கோபம். குற்றமில்லை என்று தெரிந்தே தண்டனை கொடுத்திருக்கிறார் மனுஷன், அதுவும் குடும்பம் குடும்பம் என்று சொல்லிக்கொண்டே.

"முன்னாடிதான்" என்றாள் அவளே. "நீங்களே அவங்க வீட்டுக்குப் போய்க் கூப்பிடணும் சார். அவங்க வர்ற வரைக்கும் இந்தப் பூட்டை எடுக்க மாட்டேன். வந்த பிறகும் எடுக்க மாட்டேன்."

"நீ போனா இந்த இடத்துக்கு இன்னொரு ஆள் வர எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிற?"

"வரட்டும். ஆனா நான் வெளிய போக ஹால் வழியாத்தான் போகணும் சார். வேற வழி இல்ல. என்ன வியாதின்னு சொல்ல மாட்டேன், எனக்கே தெரியாது. யார் முழுசாக் கேட்டாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போவேன்."

அவர் எழுந்து போனார். எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அன்று மாலை அவருடைய வண்டி டீக்காரம்மாவின் தெருவில் நின்றதைக் காவலாளி பார்த்திருக்கிறான். அங்கே என்ன பேசினார், எப்படிப் பேசினார் என்று தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மறுநாள் டீக்காரம்மா வந்தார். வந்ததும் துண்டை ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஹாலில் யாரும் நிமிரவில்லை. அவர் உடம்பைப் பற்றி இனி ஒரு பேச்சும் இருக்கக் கூடாது என்று முதலாளி மட்டும் பொதுவாகச் சொன்னார். கோப்பைகள் மேஜைகளில்தான் இருந்தன. ஒருத்திகூட அதை எடுத்துப் பைக்குள் வைக்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். டீக்காரம்மா கெட்டிலை மட்டும் கொண்டு வந்து, நீட்டிய கோப்பைகளில் எல்லாம் ஒன்றும் சொல்லாமல் ஊற்றிக்கொண்டே போனார். முதலாளி கொஞ்சம் பெருந்தன்மை காட்ட நினைத்து, எனக்குப் பழையபடி கிளாஸிலேயே கொடுங்கள் என்றார். கொடுத்தார்.

குடித்து முடித்து எல்லாரும் வழக்கம்போலச் சிங்கில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். சிறிது நேரத்தில் டீக்காரம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தார். தட்டில் அத்தனையும் கழுவாத கோப்பைகள். பூப்போட்டதைப் பூப்போட்டவள் மேஜையிலும், கரடியைக் கரடிக்காரி மேஜையிலும், ஒன்றுகூட மாறாமல் வைத்துக்கொண்டே வந்தார். ரேடியோவின் முன்னால் வைத்தபோது அடியில் இருந்த டீத்தூள்கூட அப்படியே இருந்தது.

"அவங்கவங்க கப்பை அவங்கவங்க கழுவிக்குங்க" என்றார். "நான் டீ போடுறவ. இனிமே யாரோட எச்சிலையும் நான் தொடறதா இல்ல."

முதலாளியின் அறைக்குப் போய் அவருடைய கிளாஸையும் அவர் மேஜையில் வைத்தார். "உங்களுக்கும்தான் ஐயா" என்றார்.

பிறகு இரண்டு கிளாஸ்களில் சுடச்சுட ஊற்றிக்கொண்டு குளியலறைக்கு வந்து கதவைத் தட்டினார். அத்தனை வருஷத்தில் அந்தக் கதவைத் தட்டிவிட்டு நின்ற முதல் ஆள் அவர்தான். பூட்டக்கா தாழ்ப்பாளை நீக்கி அவரை உள்ளே விட்டு, மறுபடி போட்டாள். வெளியே சிங்க் முன்னால் வரிசை நின்றது. முதலாளி கிளாஸைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் ரேடியோ நின்றாள், வாயைத் திறக்காமல்.